சத்தமா, வார்த்தையா? ஆலயத்துக்கு ஒலிக்கருவி வாங்கும்போது எதை எதனோடு ஒப்பிடுவது

திருமங்கலத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஆலயம் 60 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்டது. கருங்கல் சுவர், 20 அடி உயரத்தில் கூரை, சில ஆண்டுகளுக்கு முன் மாற்றிப் பதித்த வழவழப்பான டைல்ஸ் தரை. ஞாயிறு காலை ஆராதனைக்கு 150 பேர் வருவார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த தொகையில் ஒரு பகுதியும், வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் சபைப் பிள்ளைகள் அனுப்பிய காணிக்கையும் சேர்ந்து நாலரை லட்சம் ரூபாய் கையில் இருந்தது. இருபது வருடத்துப் பழைய மைக் செட்டை மாற்றிவிட்டுப் பாடகர் குழுவுக்கும் ஆராதனைக்கும் புதிதாக வாங்கலாம் என்று சேகரக் கமிட்டி முடிவு செய்து, விசாரித்து வரும் பொறுப்பை எங்கள் மூன்று பேரிடம் கொடுத்தது.

மதுரை டவுன்ஹால் ரோட்டிலும் வேறு இடங்களிலும் அலைந்து மூன்று விலைப்பட்டியல்களைக் கொண்டுவந்தோம். முதலாவதில் 15 அங்குலப் பெரிய பாக்ஸ் இரண்டு, தாழ்ந்த ஒலிகளுக்கென்று தரையில் வைக்கும் சப்வூஃபர் இரண்டு, மைக்குகளின் ஒலியை ஒன்றாகக் கலந்து கூட்டிக் குறைக்கும் 24 சேனல் அனலாக் மிக்சர். இரண்டாவதில் டேப்லெட்டால் இயக்கும் டிஜிட்டல் மிக்சர், வாசிப்பவர்கள் தங்கள் வாசிப்பைத் தாங்களே கேட்கக் காதில் மாட்டும் இயர்-மானிட்டர் ஆளுக்கொன்று, ஒரு டிரம் செட். மூன்றாவது பட்டியல் பார்ப்பதற்கு ஏழ்மையாக இருந்தது: சுவரில் மாட்டும், தூண்போல் ஒல்லியாக நீண்ட 'காலம்' (column) ஸ்பீக்கர் நான்கு, 16 சேனல் மிக்சர் ஒன்று, சில மைக்குகள், அவற்றோடு எலக்ட்ரீஷியன் வேலைக்கென்று தனியாக ஒரு தொகை. வாலிபர் ஐக்கிய சங்கத்தார் இரண்டாவதையும், கமிட்டியில் மூத்தவர்கள் முதலாவதையும் விரும்பினார்கள். மூன்றாவதை யாருமே இரண்டாம் முறை எடுத்துப் பார்க்கவில்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிறு முழுவதும் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் இருந்த மூதாட்டியிடம், "பாட்டி, இன்னைக்குப் பிரசங்கம் நல்லாக் கேட்டுச்சா?" என்றேன். "சத்தம் கேட்டுச்சுப்பா, வார்த்தைதான் கேக்கல" என்றார். காது மந்தமானவர் அல்லர் அவர். வெளியே ஆட்டோ வந்து நின்றதை எனக்கு முன்னால் அவர்தான் கவனித்தார். எங்களுக்கு வேண்டியது கூடுதல் சத்தம் அன்று என்பது அந்தப் பதிலிலேயே விளங்கிவிட்டது.

மறுநாள் காலியாக இருந்த ஆலயத்தின் நடுவில் நின்று ஒரு பலூனை ஊசியால் குத்தி வெடிக்கச் செய்து, அந்த ஓசை அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கைபேசிச் செயலியில் அளந்தோம். ஏறத்தாழ இரண்டரை விநாடி வந்தது. பேச்சு தெளிவாக விளங்க வேண்டுமானால் அது ஒரு விநாடியை ஒட்டி இருப்பது நல்லது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அரங்கம் பேசியது விளங்காமல் தொல்லை தந்தபோது, வேறொரு அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஒவ்வொரு தடவையும் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்து 1895 முதல் ஆராய்ந்தவர் வாலஸ் சபைன். ஓர் அறை எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதை, அதற்குச் சமமாக எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்குப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ அரை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். எங்கள் ஆலயத்தில் 150 பேர் அமர்ந்தால் எதிரொலி நேரம் பாதியாகக் குறைந்துவிடும் என்று கணக்கு வந்தது. சனிக்கிழமை மாலை காலி ஆலயத்தில் சரிசெய்து வைத்த ஒலி ஞாயிறு காலை வேறு மாதிரி கேட்பதற்கும், பத்துப் பேர் மட்டும் வரும் வாரநாள் ஜெபக்கூட்டத்தில் ஐயர் (எங்கள் போதகர்) பேசுவது புரியாமல் போவதற்கும் காரணம் இதுதான். கருவியை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. பின்சுவரில் கனமான துணித்திரை தொங்கவிடுவதும், பெஞ்சுகளில் மெத்தை போடுவதும் எந்த மிக்சரையும்விட அதிக மாற்றம் தரும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பழைய புடவைகளைச் சேர்த்துத் தைத்துத் தந்த மெத்தைகளுக்கு எந்த விலைப்பட்டியலிலும் இடம் இல்லை.

இப்போது ஸ்பீக்கருக்கு வருகிறேன். இத்தகைய கல் கட்டிடத்தில், முன்னால் வைத்த பாக்ஸிலிருந்து நேராக வரும் ஒலி நான்கைந்து மீட்டர் கடந்த பிறகு, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிக்குள் மூழ்கிவிடுகிறது. எங்கள் கடைசி பெஞ்ச் பாக்ஸிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கிறது. பாக்ஸைப் பெரிதாக்கினாலோ ஒலியைக் கூட்டினாலோ நேரொலியும் எதிரொலியும் ஒரே அளவில் கூடுமே ஒழிய, இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. முன்பெஞ்சில் இருப்பவர் காதைப் பொத்துவார். பின்பெஞ்சில் இருப்பவருக்கு முன்பு விளங்காத அதே வார்த்தை இப்போது உரக்க விளங்காமல் போகும். இதற்கு நேர்மாறாக, சுவருக்கு இரண்டு வீதம் நான்கு காலம் ஸ்பீக்கர்களைப் பெஞ்சுகளை நோக்கிச் சற்றே கீழே சாய்த்து மாட்டினால், கடைசி பெஞ்சுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் ஆறேழு மீட்டராகக் குறைகிறது. காலம் ஸ்பீக்கர் ஒலியை மேலும் கீழும் பரப்பாமல் பக்கவாட்டில் பரப்புவதால் கூரைக்குப் போய்த் திரும்பும் ஒலியும் குறைகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் மெதுவாக ஒலிக்க விட்டாலே போதும்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. பின்ஜோடி ஸ்பீக்கர் முன்ஜோடியிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருந்தால், அதற்குப் போகும் ஒலியை 18 மில்லி விநாடி தாமதப்படுத்தினால்தான் இரண்டும் ஒன்றுபோல் வந்து சேரும். டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது, சாதாரண அனலாக் மிக்சரில் இல்லை. ஆனால் உள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் தாமத வசதியும் கொண்ட ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. பின்ஜோடிக்கு மட்டும் அப்படிப்பட்டதை வாங்கினோம்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 300 வாட்டுக்குப் பதிலாக 600 வாட் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அட்டைப் பெட்டியின் மேல் நான்கு இலக்கத்தில் அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ எண் கண நேர உச்சத்தைச் சொல்வது, அதை யாரும் நம்பிவிட வேண்டாம்; தொடர்ந்து தாங்கும் வாட்டைச் சொல்லும் ஆர்எம்எஸ் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் பட்டியலில் எலக்ட்ரீஷியனுக்கு எழுதியிருந்த தொகையைப் பார்த்துக் கமிட்டியில் சிரிப்பு எழுந்தது. பழைய செட் ஆண்டுக்கணக்காக 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்ததை நாங்கள் ஆம்ப்ளிஃபயரின் வயதுக் கோளாறு என்று நினைத்திருந்தோம். எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தபோது 18 வோல்ட் காட்டியது. இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழிக்குக் கோடையில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை; மண் காய்ந்து, எர்த் இருந்தும் இல்லாத நிலை. புதுக் குழி எடுத்து, கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே இடத்திலிருந்து தனி லைன் இழுத்த அன்றே, பழைய ஆம்ப்ளிஃபயரிலும்கூட முனகல் நின்றுவிட்டது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் சைன்வேவ் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். விலை குறைந்த ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடும். மைக் செட்டோ இரையும். புதிதாக எது வாங்குவதானாலும் முதலில் பணம் செல்ல வேண்டிய இடம் இந்தக் குழிதான் என்பது என் உறுதியான கருத்து.

இனி மிக்சர். எங்களுக்குள் மூன்று வாரம் வாக்குவாதம் நடந்தது இதில்தான். ஏறத்தாழ ஒரே தேவைக்கு இரண்டு வகைகளை எடுத்துக்கொள்வோம். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 டிஜிட்டல் வகை: ஒரு சின்னப் பெட்டி, 16 மைக் இணைப்புகள், மேடைக்குத் தனித்தனியாக அனுப்ப ஆறு ஆக்ஸ் வழிகள், ஒலியைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் ஃபேடர் அதில் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் டேப்லெட்டிலோ மடிக்கணினியிலோதான். யமஹா எம்ஜி16எக்ஸ்யூ அனலாக் வகை: அதிகபட்சம் பத்து மைக்குகள், எஃபெக்டையும் சேர்த்து நான்கு ஆக்ஸ் வழிகள், கண்ணுக்கு முன்னால் வரிசையாகக் குமிழ்களும் ஃபேடர்களும். காகிதத்தில் ஒப்பிட்டால் டிஜிட்டலே வெல்லும். ஞாயிறு ஆராதனைக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கு ஒன்று என்று அமைப்புகளைச் சேமித்து வைத்து ஒரே தொடுதலில் வரவழைக்கலாம். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுவதால் எழும் ஊளைச் சத்தத்தை ஒவ்வொரு மைக்குக்கும் தனியாக வெட்டலாம். ஆராதனையை நேரலையில் விடுகிற சபைக்கு, ஆலயத்துக்குள் கேட்பது ஒன்றும் நேரலைக்குப் போவது வேறொன்றுமாகப் பிரித்துத் தரவும் அதனால் முடியும்.

ஆனால் மிக்சரைக் காகிதத்தில் உட்கார்ந்து யாரும் இயக்குவதில்லை. எங்கள் சபையில் டேப்லெட்டைத் திறமையாகக் கையாளக்கூடிய மூன்று வாலிபர்கள் இருந்தார்கள். படிப்பு முடிந்ததும் ஒருவர் கோயம்புத்தூருக்கும் ஒருவர் சென்னைக்கும் போய்விட்டார்கள், மூன்றாமவருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ஷிப்ட் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் வந்து மிக்சருக்குப் பின்னால் உட்காருகிறவர் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். எந்த மைக் ஊளையிடுகிறது என்று காதால் கேட்ட அதே நொடியில் அதன் ஃபேடரைக் கீழே இழுக்க அவருக்குத் தெரியும். திரையில் மூன்று பக்கம் புரட்டி அந்த மைக்கைத் தேட அவருக்குப் பொறுமையும் இல்லை, கண்ணாடிக்குள் எழுத்தும் தெரிவதில்லை.

பக்கத்து ஊர்ச் சபை ஒன்றில் திடப்படுத்தல் ஆராதனையின்போது நடந்ததை நான் நேரில் பார்த்தேன். வந்திருந்தவர்களின் கைபேசிகள் நெரிசலாக்கியதாலோ வேறு எதனாலோ வைஃபை இணைப்பு அறுந்து, மிக்சருக்கும் டேப்லெட்டுக்கும் தொடர்பு போய்விட்டது. மிக்சர் கடைசியாக இருந்த அளவிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. பாடகர் குழுவின் மைக் திறந்தபடியே இருக்க, குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொண்ட குடும்ப விஷயம் சபை முழுவதுக்கும் கேட்டது. டேப்லெட்டைக் கையில் வைத்திருந்த தம்பி செய்வதறியாமல் நின்றார். இது கருவியின் குற்றம் அன்று. தனி ரவுட்டரும் ஒரு கேபிளும் இருந்திருந்தால் நடந்திருக்காது. ஆனால் அதையும் யோசித்து வைக்க ஒருவர் வேண்டும் அல்லவா?

ஆகவே நாங்கள் அனலாக்கை வாங்கி, மெயின் ஒலிக்கு மட்டும், ஒவ்வொரு அலைவரிசையையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் 31 பட்டைகள் கொண்ட ஒரு கிராஃபிக் ஈக்குவலைசர் சேர்த்தோம். ஆலயத்தில் ஊளையிடும் அலைவரிசைகளை ஒரு முறை கண்டுபிடித்து இறக்கிவிட்டு, யாரும் தொடாதபடி அதன்மேல் ஒரு தகட்டைத் திருகி வைத்திருக்கிறோம். பயிற்சி பெற்ற இரண்டு பேர் ஊரிலேயே தங்கிவிட்ட சபையாக இருந்தால், மறுபேச்சில்லாமல் டிஜிட்டலையே வாங்கச் சொல்வேன். அப்போதும் ஃபேடர்கள் உள்ள டிஜிட்டல் மிக்சருக்கு விலை கூடுதலானாலும் அதையே பார்க்கச் சொல்வேன்.

மைக் விஷயத்தில் எண்ணிக்கைதான் எதிரி. திறந்திருக்கும் மைக் ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஊளையிடாமல் கூட்டக்கூடிய ஒலி 3 டெசிபல் குறைகிறது. எட்டுப் பேர் கொண்ட பாடகர் குழுவுக்கு ஆளுக்கு ஒரு மைக் கேட்டார்கள். இரண்டு கண்டென்சர் மைக்கை உயரமான ஸ்டாண்டில் குழுவுக்கு முன்னால் நிறுத்தினால், ஒருவரையொருவர் கேட்டுப் பாடவும் வசதி, 6 டெசிபல் மிச்சமும் கிடைக்கிறது. அவற்றுக்கு மிக்சரிலிருந்து மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் (பேண்டம் பவர்) போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தனிப்பாடலுக்கும் சாட்சி சொல்பவர்களுக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் போதும். 1966இல் வந்த அந்த மாடல் இன்றும் மேடைகளில் நிற்பதற்குக் காரணம், பேட்டரி இல்லாமலும் கீழே விழுந்தாலும் வேலை செய்வதுதான். அதன் முதுகுப் பக்கத்தில் காது கிடையாது. எனவே பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸை மைக்கின் வாலுக்கு நேர் பின்னால் வைத்தால் ஊளை குறையும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பேசினால் அந்தக் குணமே போய்விடும் என்பதை எல்லோருக்கும் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் கேட்டார்கள். ஐயருக்குக் காலர் மைக்கைவிட வாயருகே வரும் ஹெட்செட் மைக் தெளிவு. வயர்லெஸ்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை மலிவு என்றாலும் வைஃபையோடு அதே பாதையில் போட்டியிடும். நேரலை விடும் ஆலயத்தில் அது வேண்டாம்.

வாசிப்பவர்களுக்குக் காதில் மாட்டும் மானிட்டரா, தரையில் வைக்கும் பாக்ஸா என்ற கேள்விக்கு, கல் சுவர் உள்ள இடத்தில் காதில் மாட்டுவதே மேல். ஆனால் வயர்லெஸ் செட் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. நான்கு பேருக்குப் பிரித்துத் தரும் சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் நீண்ட வயரும் போதும், கீபோர்டும் தாளமும் நகர்ந்துகொண்டா வாசிக்கின்றன?

கீபோர்டை ஒப்பிடும்போது சபை எதைப் பாடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆராதனையில் மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலையும் உண்டு, நம் ராகங்களில் அமைந்த கீர்த்தனையும் உண்டு, வாலிபர்கள் கொண்டுவரும் புதுப் பாடல்களும் உண்டு. பாமாலைக்கு நான்கு குரல் சுரங்களையும் தாங்கும் ஆர்கன் ஒலியும் பெடலும் வேண்டும். கீர்த்தனைக்கு ராகத்தின் வளைவு வேண்டும், அது வாசிப்பவரின் விரலிலும் பிட்ச் வீலிலும் இருக்கிறது. யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போன்ற, இந்திய ஒலிகளும் தாளங்களும் அடங்கிய அரேஞ்சர் கீபோர்டு விலையிலும் வசதியிலும் எங்களைப் போன்ற சபைக்குப் பொருந்துகிறது. ரோலண்டு எக்ஸ்பிஎஸ் வரிசை நன்கு கற்ற வாசிப்பாளருக்குக் கூடுதல் சுதந்திரம் தரும். இரண்டில் எதை வாங்கினாலும் தாளத்தைத் தானாக ஓட்டும் ஸ்டைல் பொத்தானைக் கீர்த்தனைக்கு அழுத்தக் கூடாது என்பது என் பிடிவாதம். சரணத்தின் கடைசிச் சொல்லில் பெரியவர்கள் நின்று நிதானித்து மூச்சு வாங்கும்போது, கருவி அவர்களுக்காகக் காத்திருக்காமல் அடுத்த தாளத்துக்குப் போய்விடுகிறது. மூன்றாம் சரணத்தில் பாடுவது பாடகர் குழு மட்டுமே. சுதியும் அப்படித்தான். தனிப்பாடகருக்கு வசதியான ஐந்து கட்டையில் தொடங்கினால் சபைக்கு மேல் ஸ்தாயி எட்டாது; சுதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானில் இரண்டு மூன்று அரைக்கட்டை இறக்கிக்கொள்ள ஒரு நொடி போதும்.

டிரம் செட்டை நாங்கள் வாங்கவில்லை. 30 அடி அகலமுள்ள கல் அறையில் குச்சியால் அடிக்கும் டிரம்முக்கு ஒலியைக் குறைக்கும் ஃபேடர் கிடையாது. அதற்கு மேலாக எல்லா மைக்கையும் ஏற்ற வேண்டி வரும். எட்டுத் தட்டுகள் கொண்ட மின்னணுத் தாளக் கருவியான ஆக்டோபேட் அந்தத் தொல்லையைத் தராது, எங்கள் கணக்கில் கடைசியாக மிஞ்சிய பணம் அதற்குத்தான் போனது. ஆனால் தபேலாவையும் ஹார்மோனியத்தையும் ஒதுக்கிவிடவில்லை. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆராதனைகளில் பறையும் நாட்டுப்புற மெட்டும் இடம் பெற்றதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பறையை ஆலயத்துக்குள் வாசித்தால் அதற்கு மைக்கே வேண்டாம், கதவுப் பக்கம் நின்று வாசித்தாலே போதும் என்பதைச் சென்ற ஈஸ்டரில் கண்டோம்.

நாலரை லட்சத்தில் பாதிக்குச் சற்று மேலாக ஸ்பீக்கருக்கும் மின் வேலைக்கும் போயிற்று. மைக், ஸ்டாண்ட், கேபிள் இவற்றுக்கு நாங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு ஆயிற்று. மேடையிலிருந்து மிக்சருக்குப் போகும், பல மைக் வயர்கள் ஒன்றாக அடங்கிய மல்டிகோர் கேபிளை முதலில் தரையோரமாக விட்டிருந்தோம். இரண்டு மாதத்தில் எலி கடித்துவிட்டது, இப்போது பிவிசி குழாய்க்குள் போகிறது.

கோபுரத்தின் மேல் இருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களை இறக்கிவிட்டோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழாய்களையும் பழைய ஆம்ப்ளிஃபயரையும் கடைக்காரர் கேட்ட விலைக்குக் கொடுக்கவில்லை. துடைத்துத் துணி சுற்றி உபதேசியார் வீட்டுத் திண்ணையறையில் வைத்திருக்கிறோம். டிசம்பரில் கேரல் போகும் வண்டிக்கு அவைதான் சரி, ஜெனரேட்டரோடு, பத்து மணிக்குள்.